கரி தீரும் விதி: ஒரு நூற்பாவும் உரையும்

மும்பையின் பெரும்பகுதி டாட்டா, அதானி, பெஸ்ட் கம்பிகளில் இருக்க, பாண்டுப்பும் முலுண்டும் மகாராஷ்டிர அரசின் மின்விநியோக நிறுவனமான மகாவிதரணின் எல்லைக்குள் வருகின்றன. மகாவிதரண் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு சந்திரபூர், கொராடி போன்ற அனல் நிலையங்களுடையது. அங்கே உலைக்குள் நடப்பதை ஒரு நூற்பாவாக அமைத்திருக்கிறேன்:

"சூட்டில் துடித்து, காற்றில் வளர்ந்து, நுணுக்கத்தில் விரைந்து, நேரத்தில் தீரும் கரி."

கரி என்றது, நிலக்கரித் தூள் முழுவதையும் அன்று. அதிலுள்ள ஆவிப்பொருள்கள் நொடியின் சிறு பங்கிலேயே பிரிந்து எரிந்துவிட, எஞ்சி நிற்கும் நுண்துளைத் துகளே இங்கே கரி. எரிந்து தீர்வதில் தாமதமெல்லாம் இதனால்தான்.

சூட்டில் துடித்து: சூடு குறைவாக உள்ளவரை எரிவேகத்தை ஆள்வது வேதிவினை. அப்போது சூடு சற்றே ஏறினாலும் வேகம் பன்மடங்காகும். சூடு மிகும்போது அந்தத் துடிப்பு அடங்கிவிடும். ஆக்சிஜன் துளைகளுக்குள் சிறிது தூரம் நுழைவதற்குள்ளேயே தீர்ந்துபோகும். இன்னும் மிகுந்தால், துகளின் மேற்பரப்புக்கு ஆக்சிஜன் வந்து சேரும் வேகமே எல்லையாகும். அதன் பிறகு சூட்டை ஏற்றிப் பயனில்லை.

காற்றில் வளர்ந்து: ஆக்சிஜன் கூடினால் வேகம் கூடும். எனவே தேவைக்கு மேல் ஏறக்குறைய 20 விழுக்காடு காற்று விடுகிறார்கள். அதையும் தாண்டினால் வெப்பம் புகைபோக்கி வழியே வீணாகும், உலையும் குளிரும்.

நுணுக்கத்தில் விரைந்து: நான்கில் முதன்மையானது இதுவே என்பேன். ஆக்சிஜன் வரவே எல்லையாக உள்ள இடத்தில் துகளின் விட்டம் இருமடங்கானால், எரிந்து தீர நான்கு மடங்கு நேரம் வேண்டும். மில்லில் அரைத்த தூளில் 70 விழுக்காடாவது 75 மைக்ரான் சல்லடையைக் கடக்க வேண்டும் என்பது வழக்கம். நம் நிலக்கரியிலோ சாம்பல் 30 முதல் 45 விழுக்காடு வரை. அது மில்லின் உருளைகளைத் தேய்க்கிறது. உருளை தேயத் தேயத் தூள் பருக்கிறது. உருளையை உரிய காலத்தில் மாற்றாத நிலையம், காசு கொடுத்து வாங்கிய கரியைச் சாம்பலோடு கொட்டுகிறது.

நேரத்தில் தீரும்: துகள் உலையில் தங்குவது சில நொடிகளே. நண்பகலில் சூரிய மின்சாரம் பெருகும்போது அனல் நிலையங்கள் தம் சுமையை 55 விழுக்காட்டுக்கும், படிப்படியாக 40 விழுக்காட்டுக்கும் இறக்கக்கூடியவையாக வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023இல் விதித்தது. சுமை குறைந்தால் துகள் தங்கும் நேரம் நீள்கிறது. ஆனால் உலையின் சூடு தணிகிறது. நூற்பாவின் முதல் தொடர் கடைசித் தொடரைத் தோற்கடிக்கும் இடம் இது.

தீராத கரி உலர் சாம்பலில் தங்கும். சிமென்ட்டில் சேர்க்கும் உலர் சாம்பலில் எரியிழப்பு, அதாவது மீண்டும் சுட்டால் குறையும் எடை, 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம் 3812 வகுத்த வரம்பு.