வாகன வானொலி இடையூறு

வாகன வானொலி இடையூறு என்பது வண்டியின் மின்கருவிகளில் எழும் வேண்டாத அலைகள், அதே வண்டியின் ரேடியோவிலோ அருகிலுள்ள கருவிகளிலோ புகுந்து ஒலியைக் கெடுப்பது. இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே அடக்குவதுதான் இதற்கு முதல் மருந்து.

இதற்கோர் எடுத்துக்காட்டைச் செண்டாயானில் காணலாம். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் சிரம்பானை அடுத்த அது, தோட்டங்கள் சூழ்ந்த வட்டாரம். இன்று அங்குள்ள டெக்வேலி தொழிற்பேட்டையில் ஹினோ லாரி ஆலையும், 2016-இல் திறக்கப்பட்ட டைஹாட்சு பெரோடுவா இன்ஜின் ஆலையும் இயங்குகின்றன. பெரோடுவா பெசா காருக்கான இன்ஜின் இங்கே உருவாகிறது. அதில் தீப்பொறி தரும் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும், அதற்கு மின்னழுத்தம் ஊட்டும் ஒரு காயில் அமர்ந்திருக்கும்.

இந்த அமைப்பு ரேடியோவுக்குப் பெரிய நன்மை. பழைய இன்ஜின்களில் ஒரே காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக நீண்ட பிளக் வயர்கள் ஓடின. மார்க்கோனி தம் முதல் கம்பியில்லாத் தந்திகளைத் தீப்பொறியைக் கொண்டே அனுப்பினார். பிளக்கின் தீப்பொறியும் அப்படியே அலை பரப்புகிறது, நீண்ட வயர் அதற்கு ஏரியலாகிறது. வயர் போனதும் ஏரியலும் போயிற்று.

காரில் மின்னல் எஃப்எம் கேட்கும்போது இரைச்சல் வந்தால், காதே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். எண்ணெயை மிதிக்க மிதிக்க விரைவாகும் ‘டக் டக்’ ஒலி பிளக்கிலிருந்து வருவது. இன்ஜின் வேகத்தோடு சுருதி ஏறும் ‘ஊய்ங்’ ஒலி ஆல்டர்னேட்டருடையது. போன் சார்ஜரைப் பிடுங்கியதும் ஒலி நின்றால் குற்றவாளி சார்ஜர்தான்: 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க அது நொடிக்குப் பல லட்சம் முறை மின்சாரத்தை வெட்டி ஒட்டுகிறது.

தீர்வுகளும் இதே வரிசையில் அமைகின்றன. பிளக்கினுள் சுமார் 5,000 ஓம் மின்தடை வைத்தால் தீப்பொறியின் இரைச்சல் தணியும். ஆல்டர்னேட்டரில் மின்தேக்கி சேர்ப்பார்கள். சார்ஜர் வயரில் ஃபெரைட் வளையம் மாட்டலாம். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை துருப்பிடித்தால் எந்த வடிகட்டியும் சரியாக வேலை செய்யாது. மழையும் சேறும் மிகுந்த தோட்டப் பாதையில் ஓடும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வண்டியின் மின்னணுக் கருவிகளை இணைக்கப் பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகம் செய்த கேன் தகவல் இணைப்பில் இரண்டு வயர்களை முறுக்கி ஓட்டுவதும் இரைச்சலைக் குறைக்கவே.

மின்சாரக் கார்களில் இன்வெர்ட்டரின் இரைச்சல் ஏஎம் அலைவரிசையைத் தாக்குகிறது. சில நிறுவனங்கள் ஏஎம் வசதியையே நீக்கின. ஃபோர்டு 2023-இல் அப்படி முடிவெடுத்து, எதிர்ப்பு எழுந்ததும் அதே ஆண்டில் பின்வாங்கியது.

இடையூற்று அளவுகளை வகுக்கும் சிஸ்பர் என்னும் அனைத்துலகக் குழு 1934-இல் தோன்றியது. அதன் 25-ஆம் தரம் வண்டிக்குள்ளிருக்கும் ரேடியோவைக் காக்கிறது. ஐநாவின் 10-ஆம் வாகன விதியும் வண்டிகளின் மின் இடையூற்றைப் பற்றியதே.

பிளக் மாற்றும்போது எண்ணைக் கவனியுங்கள். என்ஜிகே பிபிஆர்6இஎஸ் போன்ற பெயர்களில் நடுவிலுள்ள ‘ஆர்’ எழுத்து மின்தடையைக் குறிக்கிறது. ‘ஆர்’ உள்ள பிளக் பொருத்தப்பட்ட வண்டிக்கு, விலை குறைவென்று அந்த எழுத்து இல்லாததை வாங்காதீர்கள்.