மரத்தில் தொங்கிய சோறு

காரைக்காலில் வண்டி ஏறியதும் டிரைவர் முதலில் நிறுத்திய இடம் பெட்ரோல் பங்க். “டேங்கை ரொப்பிக்கலாம் சார். வாஞ்சூர் தாண்டினா தமிழ்நாடு. விலை ஜாஸ்தி.”

காமர்ஸ் படித்தவனுக்கு இது போதும். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை என்றால் என்ன நடக்கும்? கடத்தல் நடக்கும். இருநூறு வருடங்களுக்கு முன்னால் பிரிட்டிஷாருக்கு இதே கவலைதான். பெட்ரோல் அல்ல, உப்பு.

காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் கையில். தஞ்சை மராட்டிய மன்னரிடம் பேரம் பேசி வாங்கிய ஊர். சுற்றிலும் பின்னாளில் பிரிட்டிஷ் ராஜ்ஜியம். அங்கே உப்புக்கு வரி. இங்கே கடல் இருக்கிறது, வெயில் இருக்கிறது, உப்பளமும் இருக்கிறது. விடுவார்களா? 1815-ல் லண்டனில் ஓர் ஒப்பந்தம். பிரெஞ்சுப் பகுதிகளில் உள்ளூர்த் தேவைக்குப் போக மிஞ்சும் உப்பு முழுக்க பிரிட்டிஷாருக்கே. பதிலுக்கு பிரெஞ்சு அரசுக்கு ஆண்டுதோறும் நான்கு லட்சம் சிக்கா ரூபாய். அதுவும் போதாது என்று 1818-ல் உப்பு காய்ச்சுவதையே நிறுத்த வைத்து, உப்பளக்காரர்களுக்கு நஷ்ட ஈடு கொடுத்தார்கள். அப்புறம் பிரெஞ்சு அரசே பிரிட்டிஷாரிடம் உப்பு வாங்கி, ஏறக்குறைய அவர்கள் விலைக்கே விற்றது.

டிரைவரிடம் சொன்னேன். “கடலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உப்பைக் காசு குடுத்தா வாங்குனாங்க?” என்றார்.

நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி கடந்து வேதாரண்யம். அங்கிருந்து கோடியக்கரைக்குப் பத்து கிலோமீட்டர் சொச்சம். வண்டியை முன்னால் அனுப்பிவிட்டு நடந்தேன். அகத்தியம்பள்ளி தாண்டினால் உப்பளங்கள். வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள், கண் கூசும். பிறகு காடு. 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். புல்வெளியில் வெளிமான்கள் தலையைத் தூக்கி நம்மைப் பார்த்துவிட்டு, லட்சியம் செய்யாமல் மறுபடி மேய்கின்றன. ராமர் பாதம் என்கிற மணல் மேட்டில் ஏறினால் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிகிறது. உயரம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. டெல்டாவில் அதுவே மலை. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று சொல்லப்பட்டது 2004 சுனாமியில் போய்விட்டது.

ஆனால் நான் நடந்தது மானுக்காக அல்ல. ராஜாஜிக்காக.

1930 ஏப்ரல் 13, திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களுடன் கிளம்பினார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக 150 மைல். சித்திரை வெயில். உப்புக்கு அப்போது மணங்குக்கு ஒன்றேகால் ரூபாய் வரி. தஞ்சை கலெக்டர் தார்ன் கெட்டிக்காரர். தடியடி நடத்தினால் கூட்டம் சேரும் என்று தெரியும். ஆகவே வயிற்றில் கை வைத்தார். சத்தியாகிரகிகளுக்குச் சோறு போட்டால், இடம் கொடுத்தால் ஜெயில், அபராதம். தண்டோரா போட்டாயிற்று, நோட்டீஸ் ஒட்டியாயிற்று.

யோசித்துப் பாருங்கள். தஞ்சாவூர் ஜில்லாவில், வந்தவனுக்குச் சோறு போடாதே என்று ஓர் உத்தரவு!

ஜனங்களில் பலர் சட்டத்துக்கு ஒரு சுற்றுவழி கண்டார்கள். கையில் சோறு கொடுக்கவில்லை. பொட்டலம் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். மரத்தைக் கைது செய்ய முடியுமா? ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் வந்து சேர்ந்த யாரும் பட்டினியால் விழவில்லை. 30-ம் தேதி அகத்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பை அள்ளினார், கைதானார். உள்ளூரில் எல்லா ஏற்பாடும் செய்த வேதரத்தினம் பிள்ளைக்கு ஜெயில், சொத்துப் பறிமுதல்.

எனக்குப் பிடித்தவர் முடிதிருத்தும் வைரப்பன். சர்க்கார் ஆட்களுக்குச் சவரம் கிடையாது என்று சபதம். சாதா உடையில் வந்த ஒருவருக்குப் பாதி முகம் முடிந்தபோது, ஆள் போலீஸ்காரர் என்று தெரிந்தது. கத்தியை வைத்துவிட்டார். அதற்காகச் சிறைக்கும் போனார்.

தார்ன் பிற்பாடு மேலிடத்துக்கு எழுதினார்: இந்த ஜனங்களிடம் அரசாங்க விசுவாசம் என்று ஒன்று இருந்திருந்தால், அது இப்போது செத்துவிட்டது என்கிற பொருளில்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. உப்பளத்து ஓரக் கடையில் ஒரு படி கல்லுப்பு வாங்கிக்கொண்டேன். “காரைக்கால்லயே கிடைக்குமே சார்” என்றார் டிரைவர்.