வீதியிலிருந்து வீட்டுக்கு வந்த திருமணம்

சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு, உற்றார் வீட்டுக் கல்யாணத்திற்கு நேரில் போக இயலாத வருத்தம் புதியதன்று. முகூர்த்த வேளையில், இருந்த இடத்திலிருந்தே திரையில் கண்டு மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். எங்கோ நடக்கும் மணவிழாவைக் கூடத்தில் குடும்பத்தோடு அமர்ந்து காணும் இவ்வழக்கத்தை, ஒரு தேசமே ஓர் அரச திருமணத்தின் பொருட்டு மேற்கொண்ட வரலாறு உண்டு. அது ஜப்பானின் வரலாறு.

1959ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி, பட்டத்து இளவரசர் அகிஹிதோவுக்கும் மிச்சிகோ ஷோதாவுக்கும் டோக்கியோ நகரில் திருமணம் நடந்தது. காலையில் அரண்மனைச் சன்னிதியில் பழைய முறைப்படி சடங்குகள் நிறைவேறின. பிற்பகலில் மணமக்கள் திறந்த குதிரை வண்டியில் ஊர்வலம் சென்றனர். வீதியின் இரு மருங்கிலும் ஐந்து லட்சம் பேருக்கு மேல் திரண்டிருந்தனர். ஆனால் டெலிவிஷன் பெட்டியின் முன் அமர்ந்து கண்டவர்களோ சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் என்று கணக்கிட்டுள்ளனர்.

இதன் அருமையை உணர, இருபது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். யுத்தத்திற்கு முற்பட்ட ஜப்பானில் சக்கரவர்த்தி தெய்வமாகவே போற்றப்பட்டார். அவர் பவனி வரும்போது ஜனங்கள் தலை தாழ்த்தி நிற்க வேண்டும். மாடியிலிருந்து கீழ்நோக்கிப் பார்ப்பது குற்றம். பள்ளிக்கூடங்களில் அவருடைய படத்தைத் தனி மாடத்தில் வைத்துக் காத்தார்கள். 1945இல் ஜப்பான் தோற்றது. அடுத்த புத்தாண்டு நாளன்று, தாம் தெய்வமல்லர் என்பதைச் சக்கரவர்த்தி ஹிரோஹிதோ அறிக்கை வாயிலாக உணர்த்தினார். 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் அவரை தேசத்தின் சின்னம் என்று மட்டுமே வகுத்தது. பிரபுக்களின் பட்டங்களும் ஒழிந்தன.

டெலிவிஷன் அங்கே 1953 பிப்ரவரியில் தொடங்கியபோது, கட்டணம் செலுத்திப் பதிவு செய்தவர்கள் 866 பேர்தாம். ஒரு பெட்டியின் விலை சாமானியரின் பல மாத ஊதியத்தை விழுங்கிவிடும். ஆகவே ரயில் நிலைய வாயில்களிலும் நாற்சந்திகளிலும் வைத்த பெட்டிகளின் முன் மக்கள் கூட்டங்கூட்டமாக நின்று, ரிக்கிதோசானின் மல்யுத்தத்தைக் கண்டு ஆரவாரித்தனர். அந்நாளில் டெலிவிஷன் வீதியின் சொத்தாகவே இருந்தது.

1958 நவம்பரில் இளவரசரின் திருமணச் செய்தி வெளியாயிற்று. மணமகள் அரச குலத்தவரோ, பழைய பிரபு வம்சத்தவரோ அல்லர். மாவு ஆலைக் கம்பெனித் தலைவரின் மகள். இருவரும் முந்தைய ஆண்டு கருயிசாவா என்னும் கோடைவாசஸ்தலத்தில் டென்னிஸ் ஆட்டத்தின்போது சந்தித்தவர்கள். 'நம்மில் ஒருத்தி அரண்மனைக்குப் போகிறாள்' என்ற பூரிப்பு நாடெங்கும் பரவியது. விலையும் குறைந்து வந்தமையால் பெட்டிகளின் விற்பனை பெருகிற்று. 1958 மே மாதத்தில் பத்து லட்சமாக இருந்த பதிவுகள், திருமண மாதத்திற்குள் இருபது லட்சத்தைக் கடந்தன. ஆடி, வாள், மணி ஆகிய மூன்றும் ஜப்பானிய அரச மரபின் புனிதப் பொருள்கள். அக்காலத்துக் குடும்பத்தினரோ டெலிவிஷன், சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றையே 'முப்பெரும் புனிதப் பொருள்கள்' என்று வேடிக்கையாகக் குறிப்பிட்டனர்!

வீதியோரத்தில் நின்றவருக்கு வண்டி கணப்பொழுதில் கடந்து போயிற்று. வீட்டில் பாய்மீது அமர்ந்திருந்தவருக்கோ மணமகளின் முகம் அருகிலேயே தெரிந்தது; ஊர்வலம் நெடுகிலும் தொடர்ந்து தெரிந்தது. பெட்டியில்லாத அண்டைவீட்டாரும் வந்து கூடினர். தலை தாழ்த்தி வளர்ந்த பாட்டியும், யுத்தத்திற்குப் பின் பிறந்த பேரனும் ஒரே திரையை நிமிர்ந்து நோக்கினர். சட்டம் ஏட்டில் எழுதியதை மக்கள் கண்ணால் கண்டு பழகிய நாள் அது.

எனினும், அந்தப் பார்வைக்கு ஒரு விலையும் இருந்தது. ஊரார் கண் முழுவதும் தம்மேல் பதிந்திருக்கவே மிச்சிகோ வாழ நேர்ந்தது. 1993இல் பத்திரிகைகள் சில அவரைக் கடுமையாகக் குறைகூறிய வேளையில், அவர் மயங்கி விழுந்து, சில மாத காலம் பேச்சிழந்திருந்தார். திரையில் கண்ட முகத்தை உறவாகக் கொண்டாடுவோர், அந்த முகத்திற்கும் மனம் உண்டென்பதை மறந்துவிடலாகாது.

அத்திருமணம் நடந்து ஐந்து மாதங்கள் கழித்து, 1959 செப்டம்பர் 15ஆம் தேதி டில்லியில் நம் நாட்டின் டெலிவிஷன் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. இங்கும் முதலில் பொதுவிடங்களில் கூடியே பார்த்தார்கள். மறு ஆண்டு அகிஹிதோவும் மிச்சிகோவும் டில்லிக்கு வந்தனர். அரசரும் அரசியுமான பின் 2013 டிசம்பரில் சென்னைக்கும் வந்து, கலாக்ஷேத்திராவைக் கண்டு சென்றனர். 2019இல் அவர் அரியணையைத் துறந்தார். மணநாளன்று அவர்களைத் திரையில் கண்ட சிறுவர் இன்று முதியோர். அவர்களுள் பலருக்கு, தம் வீட்டிற்கு டெலிவிஷன் வந்த நினைவும் அக்கல்யாண நினைவும் ஒன்றே.