ஆவாரங்குச்சியும் லாரிப் பட்டையும்

போன ஆடியில கடப்பாரைக்கு மூக்கு மழுங்கிப் போச்சு. காய்ச்சி அடிச்சுத் தர ஆள் தேடி சத்தி ரோட்டுல கணபதி வரைக்கும் வந்தேன். லேத்து இருக்கு, வெல்டிங் இருக்கு, சிஎன்சி மெசினே இருக்கு. ஒரு கடப்பாரையைப் பழுக்கக் காய்ச்சி நாலு அடி அடிச்சுத் தர ஒரு உலை இல்லை. "புதுசே வாங்கிக்குங்கண்ணா, எதுக்கு இதைத் தூக்கிட்டு அலையறீங்க"ன்னு ஒரு தம்பி சொன்னாப்ல. அவர் சொன்னது நியாயந்தான். ஆனா அது எங்க அய்யன் காலத்துக் கடப்பாரை. இப்ப வர்றது அந்தக் கனம் இல்லீங்க.

அன்னிக்குத்தான் தோட்டத்துல சின்னதா ஒரு பட்டறை போட்டா என்னன்னு தோணுச்சு. அதைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை.

இரும்பு நம்ம சீமைக்குப் புதுசு இல்லை. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் வடகரையில கொடுமணல். 1980கள்ல இருந்து தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரங்களும் பேராசிரியர் கா. ராஜனும் தோண்டிப் பார்த்ததுல, ஒரு மீட்டருக்குச் சற்று கூடுதலான விட்டத்துல இரும்பு உருக்குன உலை, காத்து ஊதுன மண் குழாய்த் துண்டுகள், இரும்புக் கசடு எல்லாம் கெடைச்சுது. தனியா இன்னொரு இடத்துல மூசை வெச்சு உருக்கு செஞ்ச உலை. பெருசு ஒண்ணு நடுவுல, சுத்திச் சின்னச் சின்னதா பல. கொடுமணல்னா கல்மணியை மட்டும் பேசறாங்க. எனக்கு அந்தக் கசடுதான் பெருசாப் படுது.

இரும்பு எப்படி உருக்காச்சு? 1830 வாக்குல பரங்கிப்பேட்டையில இரும்பாலை போட்ட ஜோசையா மார்ஷல் ஹீத், சேலம் பக்கத்து முறையை எழுதி வெச்சிருக்கார். தேனிரும்பைத் துண்டு துண்டா வெட்டி, காய்ஞ்ச ஆவாரங்குச்சியோட மண் மூசைக்குள்ள போட்டு, மேல எருக்கு இலையை மூடி, வாயைக் களிமண்ணால அடைச்சு, கரி நெருப்புல வெச்சுத் துருத்தியால ஊதறது. ஆவாரை இங்க எரிக்கற வெறகு இல்லீங்க, சரக்கு. அதுல இருக்கற கரி இரும்புக்குள்ள ஏறி, நூத்துக்கு ஒண்ணு ஒண்ணரை பங்கு கலந்தா அது உருக்கு. வரப்புல பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஒடிக்கறமே, அதே ஆவாரைதான். இந்த உருக்கை வாங்கிட்டுப் போய் 1819ல மைக்கேல் பாரடே லண்டன்ல ஆராஞ்சார். அலுமினியச் சத்துதான் இதோட ரகசியம்னு தப்பாக் கணிச்சுட்டார். பாவம், அவர் ஆவாரங்குச்சியைப் பாத்ததில்லை.

1800ல புக்கானன்னு ஒரு வெள்ளைக்காரர் கோயமுத்தூர் பக்கம் சுத்துனப்பவும் கருமணலை அரிச்சு இரும்பு காய்ச்சிட்டுத்தான் இருந்திருக்காங்க. அப்பறம் சீமையில இருந்து வார்ப்பு இரும்பும் கம்பியும் மலிவா வந்து எறங்குச்சு. இரும்பு செய்யற உலை அணைஞ்சுது. இரும்பு அடிக்கற உலை மட்டும் ஊருக்கு ஊர் நின்னுது.

அந்த ஊர்ப் பட்டறை எனக்குக் கொஞ்சம் நெனப்பிருக்கு. கொழு, கொத்து, பன்னருவா, கவலைக்குச் சாமான், வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா. கூலி காசா இல்லை. களத்துல வள்ளத்துல அளந்து குடுக்கறது. இதை ஒறவு முறைன்னு பெருமையாப் பேசறவங்க உண்டு. மழை பொய்ச்ச வருசம் எங்களுக்குக் கொறைஞ்சுது, ஆசாரியாருக்கு இல்லவே இல்லாமப் போச்சு. அதையும் சேத்துத்தான் சொல்லோணும்.

அவங்க பட்டறையை விட்டுப் போனது திடீர்னு இல்லை. 1888ல ஸ்டேன்ஸ் மில்லு. மில்லு இருந்தா ரிப்பேருக்குக் கை வேணும். 1930களோட தொடக்கத்துல பைக்காரா கரண்ட் வந்துச்சு. 1937ல ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செஞ்சாங்க. அதே பாலசுந்தரம் நாயுடு ஆரம்பிச்சதுதான் கணபதி டெக்ஸ்டூல். கெணத்துல மோட்டார் எறங்குனதும் கவலை நின்னுது. கவலை நின்னதும் பட்டறையில பாதி வேலை போச்சு. ஆசாரியார் பையன் பவுண்டரிக்குப் போனார். மாசச் சம்பளம், மழையை நம்ப வேண்டியதில்லை. போனது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.

இனி என் பட்டறை. உலைக்குப் பழைய லாரி பிரேக் டிரம்மு, அடியில ஒரு பைப்பு, கையில சுத்தற பிளோயர். டிரம்முக்கு உள்ள களிமண்ணைப் பூசிட்டேன். பட்டடைக்கல்லுக்குத் தண்டவாளத் துண்டுதான் நல்லாருக்கும்னு எல்லாரும் சொல்வாங்க. பில்லு இல்லாம அது வீட்டுல இருந்தா ரயில்வே சொத்து வெச்சிருந்த கேஸ் ஆயிரும், 1966லயே சட்டம் இருக்கு. நான் ஒரு பெரிய சம்மட்டித் தலையை வேலாங்கட்டையில செருகி நட்டுட்டேன். கரிக்குத் தேங்காத்தொட்டி சுட்டது. குறடும் சுத்தியலும் வாரச்சந்தையில. மொத்தமும் ஒரு நல்ல கடப்பாரை வாங்கற காசைப் போல ரெண்டு மூணு மடங்குதான். ஒண்ணே ஒண்ணு: துத்தநாகம் பூசுன ஜிஐ பைப்பை நெருப்புல காட்டாதீங்க, அந்தப் பொகை காச்சல்ல படுக்க வெச்சுரும்.

மொதல்ல லாரிப் பட்டையில ஒரு கொத்து அடிச்சேன். லாரிக்கு அடியில அடுக்கடுக்கா வளைஞ்சு இருக்குமே, அந்த ஸ்பிரிங் பட்டை. செவக்கக் காய்ச்சி அப்படியே தண்ணியில முக்குனேன். 'டிக்'னு ஒரு சத்தம். நடுவுல மயிர்க்கோடு மாதிரி விரிசல்.

பவுண்டரியில இருந்து ரிட்டையர் ஆன ஆசாரியார் பையன் வந்து பாத்தார். எனக்கு அண்ணன் வயசு. "தம்பி, இதுல கரி நூத்துக்கு அரைப் பங்குக்கு மேல இருக்கும். பச்சைத் தண்ணி தாங்காது. காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் எண்ணெயில விடு. அப்பறம் திரும்ப லேசா வாட்டி, வைக்கோல் நெறம் தாண்டுனதும் எடு"ன்னார். ரெண்டாவது கொத்து நிக்குது. கடப்பாரைக்கு மூக்கும் வந்துருச்சு.

"நாப்பது வருசம் ஆச்சு தம்பி, சுத்தியலைப் புடிச்சு"ன்னுட்டு ரெண்டு அடி அடிச்சுப் பாத்தார். எனக்கு எட்டு அடியில வர்ற வளைவு அவருக்கு ரெண்டே அடியில வந்துது. இந்தத் தடவை கூலி எவ்வளவுன்னு மொதல்லயே கேட்டுட்டேன், காசாத்தான். பன்னருவாளுக்குப் பல்லு வெக்க எனக்கு இன்னும் கை வரலை. ஞாயித்துக்கெழமை வர்றேன்னு சொல்லியிருக்கார்.