‘குரங்கன்’ என்ற சொல்லும் திருவேங்கட மாலையும்

ஒரு சொற்றொடர் இருபொருள்பட நிற்பதைத் தமிழிலக்கணிகள் சிலேடை என்பர். வடநூலார் ச்லேஷம் என்பர். புலவர் அவையில் நகை விளைப்பதற்கு இது கூரிய கருவி. இத்தகைய சொல்விளையாட்டு எம்பெருமான்மீதே பாய்ந்ததாக வழங்கும் ஐதிஹ்யம் பிள்ளைப்பெருமாளையங்காரைப் பற்றியது.

அழகிய மணவாளதாஸர் என்றும் பெயர் பெற்ற இவர் 17-ஆம் நூற்றாண்டினர். திருவரங்கத்திலேயே நெஞ்சு தங்கியவர். திருவேங்கடமுடையான் கனவில் எழுந்தருளித் தன்னையும் பாடும்படி நியமிக்க, ‘அரங்கன்’ என்பதற்கு எதுகையாகக் ‘குரங்கன்’ என்றொரு சொல்லைப் படைத்து மறுத்தாராம். குரங்குகள் மலிந்த மலையில் நிற்பவன் என்பது வெளிப்படைப் பொருள். வடமொழி பயின்றார் செவிக்கு இன்னும் சில தோன்றும். ‘ரங்கன்’ என்னும் திருநாமத்தின்முன் நிற்கும் ‘கு’ இழிவு காட்டும் முன்னொட்டு. பூமிக்கும் அதுவே பெயர். ‘குரங்கம்’ என்றாலோ மான். இவையெல்லாம் ஐயங்கார் கருதியவை என்று சாதிக்க வேண்டுவதில்லை. ஆயினும் சொல்லின் சுவைக்கு இவையும் துணையாகின்றன.

நகைச்சுவை என்ற அளவில் இது நன்றே. ஆனால் திருவரங்கத்தையே பற்றி நின்றவர்க்கு அமலனாதிபிரான் அறியாததன்று. பத்துப் பாசுரங்களே கொண்ட அப்பிரபந்தத்தின் மூன்றாம் பாசுரத்தில், மந்திகள் பாயும் வடவேங்கடத்தில் நின்றவனே அரங்கத்தில் அரவணைமேல் கண்வளர்கிறான் என்று திருப்பாணாழ்வார் அனுபவிக்கிறார். மலைக்கு ஆழ்வார் தேடித் தந்த அடைமொழியே மந்திகள்தாம். அப்பாசுரத்தில் பாதியை எடுத்துக்கொண்டு மற்றப் பாதியை விட்டதனால் விளைந்ததே ‘குரங்கன்’. திருப்பாணாழ்வார் ஒன்றாகக் கண்ட இருவரை ஓர் எதுகை இருவராக்கிவிட்டது. அபசாரம் என்று பெரியோர் கூறுவது இதனையே எனல் பொருந்தும்; குரங்கென்ற சொல்லில் குறையேதும் இல்லை. வானர முதலிகளைத் துணைகொண்டு கடலை அடைத்தவனுக்கு அச்சொல் இழிவாகுமோ?

பின்னர்க் கண்டமாலை நோய் வருத்த, ஐயங்கார் திருமலையப்பனைப் பாடி நலம் பெற்றார் என்பது ஐதிஹ்யத்தின் முடிவு. அப்போது பாடியவையாகச் சொல்லப்படும் திருவேங்கட மாலையும் திருவேங்கடத்தந்தாதியும் அஷ்டப்பிரபந்தத்தில் அடங்கியவை. அந்தாதியில் யமகம் ஆட்சி செய்கிறது. மாலையின் வெண்பாக்கள் பலவற்றில் முன்னிரண்டடி மலைவளத்தைச் சிலேடையாகச் சொல்ல, பின்னிரண்டடி அம்மலைக்கு உரியவனைச் சொல்லும். நாவடக்கமே பிராயச்சித்தமாக விதிக்கப்பட்டிருக்கலாம். அந்தச் சொல்விளையாட்டையே மலையப்பன் கைங்கரியமாகக் கொண்டருளினான், வை.மு.கோபாலகிருஷ்ணமாச்சாரியார் போன்ற உரையாசிரியர்க்குப் பதம் பிரித்துப் பொருள் காட்டும் பணியும் வாய்த்தது.