நண்பகல் பேய்

கணினியின் முன் அமர்கிறோம். எழுதித் தருவதாக நாம் வாக்களித்த நாள் நேற்றோடு கழிந்துவிட்டது. ஒரு பத்தி முடியுமுன் விரல் மின்னஞ்சலைத் தேடுகிறது. அங்கிருந்து செய்திக்கும், செய்தியிலிருந்து காணொளிக்கும் தாவுகிறது. நிமிர்ந்து பார்க்கையில் முற்பகல் போய்விட்டது. இது இணையம் தந்த புதுநோய் என்று எண்ணுகிறோம். வரலாறோ வேறு சொல்கிறது.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில், எகிப்தின் கெல்லியா பாலைநிலத்தில் தவம் புரிந்தவர் எவாகிரியுஸ். கான்ஸ்டாண்டிநோபிளின் ஆரவாரத்தைத் துறந்து வந்தவர்; கி.பி. 399இல் மறைந்தார். துறவியரை அலைக்கழிக்கும் தீய எண்ணங்கள் எட்டு என அவர் வகுத்தார். அவற்றுள் மிகப் பாரமானது 'அக்கேதியா', அதாவது செய்ய வேண்டியதில் மனம் பற்றாமை. திருப்பாடல் 91இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் வரும் நண்பகல் பேய் இதுவே என்றார். காலை பத்து மணியளவில் அது வரும்; பிற்பகல் இரண்டு வரை நீங்காது. கதிரவன் நகர மறுக்கும். பகல் ஐம்பது மணி நேரமாய் நீளும். துறவியின் கண் ஓயாமல் சாளரத்தை நாடும். உணவு வேளை நெருங்கிற்றா என்று வெளியே வந்து வெயிலைப் பார்ப்பார்; சகோதரர் எவரேனும் வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பார்.

அவர்களிடம் இணையம் இல்லை, சாளரம் இருந்தது. கணினித் திரையில் நாம் திறப்பவற்றுக்கும் சாளரம் என்றே பெயர்!

இந்தப் படிப்பினையை மேற்கே கொண்டு சென்றவர் யோவான் கசியான். அவர் கண்ட நுட்பம் ஒன்று உண்டு. அக்கேதியா எப்போதும் சோம்பலாக வருவதில்லை. நற்செயலின் வேடத்திலும் வரும். தொலைவிலுள்ள நோயாளியைச் சென்று காண்பது அந்நேரத்தில்தான் பெருங்கடமையாகத் தோன்றுமாம். உலகச் செய்தியை அறிவதும் கடமையன்றோ என்று நாமும் நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம். பிற்காலத்தில் இதைச் சோம்பல் என்ற ஒரே சொல்லில் அடக்கியபோது, இந்த நுட்பம் மங்கிப்போயிற்று.

மருந்து என்ன? கி.பி. 356இல் மறைந்த வனத்து அந்தோணியாரைப் பற்றிய மரபுக் கதை ஒன்று விடை தருகிறது. மனச்சோர்வில் வாடிய அவர், தம்மைப் போன்ற ஒருவர் அமர்ந்து கயிறு திரிப்பதைக் கண்டார். அவர் எழுந்து செபித்தார். மீண்டும் அமர்ந்து திரித்தார். மீண்டும் எழுந்து செபித்தார். நீயும் இப்படியே செய் என்பதே வானதூதர் தந்த அறிவுரை. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலில் உழைப்புக்கும் வாசிப்புக்கும் நேரம் பகுத்தார். தவக்கால வாசிப்பு வேளையில் எவரேனும் வீண்பேச்சில் பொழுது போக்குகிறாரா என்று பார்த்துவர மூத்தோரையும் அமர்த்தினார். துறவியருக்கே துணை தேவைப்பட்டதென்றால், தனிமையில் திரையோடு போராடித் தோற்பதில் நாம் வெட்கப்பட ஏதுமில்லை.

ஆகவே ஒரு வேலை, அதற்கு ஓர் அளவான நேரம். பிறகு எழுந்து சிறிது ஓய்வும் செபமும். மீண்டும் அதே இருக்கை. 'முடித்தாயா?' என்று கேட்க ஒரு நண்பர். நாம் ஒத்திப்போடும் மடலுக்காக எங்கோ ஒருவர் காத்திருக்கிறார். அவரை நினைத்தேனும் ஒரு சாளரத்தை மட்டும் திறந்து வைப்போம்.