நெய்வேலியின் நகரும் இயந்திரங்கள்

நெய்வேலி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று பழுப்பு நிலக்கரி. மற்றொன்று அதிலிருந்து பிறக்கும் மின்சாரம். இவ்விரண்டுக்கும் இடையே நின்று இரவும் பகலும் உழைக்கின்ற இயந்திரங்களைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசுவதில்லை. அவை எவ்வளவு மண்ணை வெட்டின, எவ்வளவு கரியைக் கொணர்ந்தன என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. அவை எங்கே பழுதுற்றன, ஏன் பழுதுற்றன, அப்பழுது மனித உயிரை எவ்வாறு தொட்டது என்னும் வரலாறோ பலர் செவிக்கு எட்டுவதில்லை. அவ்வரலாற்றின் சில பகுதிகளையே நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நம் நாட்டு வண்டிக்காரர் தொலைவழி புறப்படுமுன் ஒரு வேலையைத் தவறாமல் செய்வார். குனிந்து கடையாணியைத் தொட்டுப் பார்ப்பார், அச்சுக்கு மையிடுவார், நுகத்தடிக் கயிற்றை இழுத்துப் பார்ப்பார். பண்ணுருட்டிச் சந்தைக்குப் பலாப்பழம் ஏற்றிச் சென்ற வண்டிகளெல்லாம் இந்தப் பார்வையை நம்பியே ஓடின. வண்டியின் உறுப்புகள் சில, அவற்றின் குறை கண்ணுக்குத் தெரியும், கைக்கும் தட்டுப்படும். ஆனால் ஒரு வீதியளவு நீளமும் பல மாடி உயரமும் கொண்ட வண்டி ஒன்று இருந்தால், அதன் கடையாணியை யார் தொட்டுப் பார்ப்பது? நெய்வேலியின் கதை இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது.

அக்காலத் தென்னார்க்காடு மாவட்டத்தில், 1930களில், ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் ஒன்று வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி எனப் பின்னர் அறியப்பட்டது. அதன்பின் துளையிட்டு ஆராயும் பணி பல ஆண்டுகள் நடைபெற்றது. பிரிட்டனைச் சேர்ந்த பவல் டஃப்ரின் நிறுவனம் தொழில்நுட்ப ஆலோசனை வழங்கியது. காமராசர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1956ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கம் வெட்டும் பணியைத் தொடங்கி வைத்தார். 1961ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நிலக்கரிப் படுகை கண்ணுக்குப் புலப்பட்டது. 1962ஆம் ஆண்டில், சோவியத் நாட்டின் துணையோடு அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது.

நிலக்கரி மேலாகக் கிடக்கவில்லை. அதன்மேல் ஐம்பது மீட்டருக்கும் மிகுந்த கனமுடைய மண்ணும் பாறையும் மூடியிருந்தன. ஒரு டன் கரியை எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேற்பட்ட மண்ணை அகற்ற வேண்டும். மண்வெட்டியும் கூடையும் கொண்டு செய்யக்கூடிய வேலை அன்று இது. ஆகவே மேற்கு ஜெர்மனியிலிருந்து வாளிச்சக்கர வெட்டு இயந்திரங்கள் வரவழைக்கப்பட்டன.

இந்த இயந்திரத்தைக் காணாத நேயர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். முன்னே நீண்ட கை. கையின் நுனியில் ஒரு பெருஞ்சக்கரம். சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி வாளிகள். ஒவ்வொரு வாளியின் வாயிலும் எஃகுப் பற்கள். சக்கரம் சுழலும்போது வாளிகள் மண்ணை அரிந்து எடுத்து வார்ப்பட்டையின் மேல் கொட்டும். முன்கையின் கனத்தைச் சரிசெய்யப் பின்னே ஓர் எதிர்ப்பாரம் உண்டு. ஓட்டுபவருக்கு ஒரு கூண்டறை. மின்கருவிகளுக்குத் தனி அறை. ஏறி இறங்கப் படிக்கட்டுகள். ஏறக்குறைய ஒரு வீடே எஃகுப் பட்டைச் சங்கிலிகளின்மேல் ஏறி மெல்ல நடக்கிறது எனலாம். அதன்பின் ஓர் இணைப்பு வண்டி தொடர்ந்து சென்று, வெட்டிய மண்ணை நிலையான கன்வேயருக்கு மாற்றுகிறது. மின்சாரமோ தரையில் இழுபட்டு வரும் கனத்த கம்பிவடத்தின் வழியே வந்து சேர்கிறது. வாளி ஒன்றின் கொள்ளளவைக் கொண்டு 350 லிட்டர் இயந்திரம், 700 லிட்டர் இயந்திரம், 1400 லிட்டர் இயந்திரம் என்று இவற்றை வழங்குவர்.

இவ்வியந்திரங்கள் ரைன் ஆற்றுப் பகுதியில் நெடுங்காலம் பழகியவை. அங்கே நிலக்கரியை மூடியிருப்பது பெரும்பாலும் மணலும் சரளையும் களிமண்ணும். எஃகுப் பல் படுமுன் பொடிந்து விழக்கூடியவை. நெய்வேலியில் அவற்றை எதிர்கொண்டதோ கடலூர் மணற்கல். பார்வைக்குச் செம்மண் போல் தோன்றும் அதனுள் கடினமான பாறைப் பட்டைகள் குறுக்கிட்டன. மணற்கல்லில் உள்ள படிகக் கற்துகள்கள் அரம் போன்று எஃகை அராவின. வாளிப் பற்கள் எதிர்பார்த்ததைவிட மிக விரைவில் மழுங்கின. மழுங்கிய பல்லால் வெட்ட முயலும்போது அதன் அதிர்ச்சி சக்கரத்துக்கும், சக்கரத்திலிருந்து பற்சக்கரப் பெட்டிக்கும், அங்கிருந்து முன்கையின் எஃகுச் சட்டத்துக்கும் பரவும். ஒரு பல்லின் தேய்மானம் முழு இயந்திரத்தின் நோயாகிவிடும்.

இதற்கு மாற்று என்ன? பொறியாளரும் தொழிலாளரும் கூடிக் கண்ட வழிகள் பல. பற்களின் உலோகத்தை மாற்றினர். தேய்ந்த பல்லின்மேல் கடின உலோகத்தைப் பற்றவைப்பால் ஏற்றினர். பல்லின் வடிவத்தையும் திருத்தினர். இவற்றோடு, இயந்திரம் வெட்டுமுன் பாறையில் துளையிட்டு வெடிமருந்து வைத்துத் தளர்த்தும் முறையும் நெய்வேலியில் நிலைபெற்றது. தன் வலிமையால் மட்டுமே வெட்டும் என்று கருதப்பட்ட இயந்திரத்துக்கு வெடிமருந்து துணையாயிற்று. ஆனால் ஒரு குறையைப் போக்கும் வழி மற்றோர் ஆபத்தை அழைத்து வருவதுண்டு. வெடிமருந்து வந்தவுடன், அதைக் காப்பதற்கும் கையாளுவதற்கும், வெடிக்கும் வேளையில் ஆட்களை அப்புறப்படுத்துவதற்கும் புதிய ஒழுங்குகள் வேண்டியவாயின.

மழைக்காலத்துத் துன்பம் வேறு வகையானது. வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது களிமண் வாளியிலும் கொட்டுவாயிலும் அப்பிக்கொள்ளும். வாளி முழுவதும் காலியாவதில்லை. சக்கரப் பக்கத்தின் கனம் கூடுகிறது. முன்கையும் எதிர்ப்பாரமும் துலாக்கோலின் இரு தட்டுகளைப் போன்றவை. ஒரு தட்டில் அறியாமல் பாரம் ஏறினால் துலாக்கோல் சாயும். நடக்கும் தரை நனைந்து இளகினாலும் பட்டைச் சங்கிலி ஒருபுறம் அமிழும். ஆகவே ஒட்டிய களிமண்ணைச் சுரண்டி எடுப்பதும், இயந்திரம் நடக்கும் தளத்தைச் சமன் செய்வதும் துப்புரவு வேலைகள் போலத் தோன்றினும், உண்மையில் பாதுகாப்பு வேலைகளே ஆகும்.

இனி நிலத்தடியில் ஓர் எதிரி உண்டு. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நீர் அடைபட்டிருக்கிறது. அதன் மேல்நோக்கிய அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை ஆகும். மேலிருந்த மண்ணை அகற்றிவிட்டால் அந்நீரை அடக்கி வைத்திருந்த பாரம் நீங்கிவிடுகிறது. சுரங்கத்தின் தரை வெடித்து நீர் பீறிட்டெழக் கூடும். இயந்திரமும் ஆட்களும் அங்கேயே இருப்பர். எனவே குழாய்க் கிணறுகளை வரிசையாக அமைத்து, நீரை ஓயாமல் இறைத்து, அழுத்தத்தைத் தணித்து வருகின்றனர். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பம்புகள் ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரிக்குப் பம்புகள் ஓட வேண்டும். இச்சங்கிலியில் எந்தக் கண்ணியையும் சிறிதென்று ஒதுக்க இயலாது.

வெட்டிய பின்னரும் இக்கரி அடங்குவதில்லை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறையப் பாதி ஈரம். ஈரமிருந்தும் அது எளிதில் தீப்பற்றும். குவித்து வைத்தால் காற்றோடு சேர்ந்து தானே சூடேறிப் புகையும். அதன் தூள் வார்ப்பட்டையின் உருளைகளிலும் மூலைமுடுக்குகளிலும் படியும். ஓர் உருளை சுழலாமல் நின்று உராய்ந்தால் அந்தச் சூடே தீப்பொறியாகும். இதனால்தான் கன்வேயரின் நெடுகிலும் ஓர் இழுகயிறு கட்டியிருக்கிறது. ஆபத்தைக் கண்ட எவரும், எத்தகைய பதவியில் இருப்பினும், அதைப் பிடித்து இழுத்து வார்ப்பட்டையை நிறுத்தலாம். அக்கயிற்றை நெய்வேலியின் மிகச் சிறந்த கருவிகளுள் ஒன்றாக நான் கருதுகிறேன். உற்பத்தியை நிறுத்தும் உரிமையை அது கடைசித் தொழிலாளியின் கைக்குக் கொடுக்கிறது.

கொதிகலன்களின் வரலாறும் இதையே வலியுறுத்துகிறது. 1863ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் மாண்டனர். அதன் விளைவாக 1864இல் வங்காளத்தில் கொதிகலன் ஆய்வுச் சட்டம் பிறந்தது. பின்னர் 1923இல் நாடு தழுவிய சட்டம் வந்தது. 2025இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. முதற் சட்டம் பிறப்பதற்கு உயிர்கள் பலியாக வேண்டியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

நெய்வேலியும் அத்துயரினின்று தப்பவில்லை. இரண்டாம் அனல்மின் நிலையம் ஏழு அலகுகள் கொண்டது. ஒவ்வொன்றும் 210 மெகாவாட் திறனுடையது. 2020ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் அதன் ஆறாவது அலகின் கொதிகலனில் விபத்து நேர்ந்தது. காயமுற்றோருள் சிலர் பின்னர் உயிர் நீத்தனர். இரண்டு மாதம் முடிவதற்குள், ஜூலை முதல் நாள், ஐந்தாவது அலகில் மீண்டும் பெருவிபத்து. அன்றே ஆறு பேர் மாண்டனர். மருத்துவமனையில் இறந்தோரையும் சேர்த்தால் உயிரிழந்தோர் தொகை பத்தைத் தாண்டியது. மாண்டோருள் ஒப்பந்தத் தொழிலாளரும் இருந்தனர். அந்த அலகு அவ்வேளையில் இயங்கிக்கொண்டிருக்கவில்லை என்று அப்பொழுதே செய்தி வெளியாயிற்று. இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. நின்றுவிட்ட இயந்திரம் அடங்கிய இயந்திரம் ஆகாது. அணைந்த அடுப்பின் சாம்பலுக்குள்ளும் நெருப்பு இருக்கும் என்பது நம் வீட்டுப் பெண்மணிகள் நன்கு அறிந்த செய்தி.

அதே 2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 30ஆம் நாள், சோவியத் துணையால் எழுந்த முதல் அனல்மின் நிலையம் ஓய்வு பெற்றது. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் அது உழைத்தது. ஓர் இயந்திரம் இத்துணை நீண்ட காலம் இயங்குவதற்கு வரைபடத்தில் கண்ட வலிமை மட்டும் போதாது. அதன் குழாய் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்த பழுதுநீக்கும் தொழிலாளரின் செவியும் கையும் அந்த வயதைக் கொடுத்தன.

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்து எண்ணிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். குறைகளுள் உரக்கப் பேசும் குறை உண்டு. ஊமைக் குறையும் உண்டு. மணற்கல்லில் மழுங்கிய பல் முதல் வகை. அது வேலையை நிறுத்தியது, உற்பத்தியைக் குறைத்தது, ஆகவே எல்லாரும் கூடி மருந்து தேடினர். மூலையில் படிந்த கரித்தூளும், சிறிதே ஒலிமாறிய உருளையும், பழக்கத்தால் புறக்கணிக்கப்பட்ட சூடும் இரண்டாம் வகை. அவை உற்பத்தியைத் தடுப்பதில்லை. ஆதலால் அவற்றை முதலில் காண்பவர் மேலதிகாரி அல்லர்; அருகே நின்று வேலை செய்யும் மனிதரே. அவர் சொல்லும் சொல்லுக்குச் செவி கொடுக்க ஒருவர் வேண்டும். சொன்னதற்காக அவர் பிழைப்புக்கு ஊறு நேராது என்ற உறுதியும் வேண்டும். இன்று வந்து நாளை வேறிடம் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இவ்வுறுதி இருமடங்கு வேண்டும். அவ்வுறுதி இல்லாத இடத்தில் இழுகயிறு வெறும் கயிறாகவே தொங்கும்.

நெய்வேலியின் மின்சாரம் தமிழ்நாட்டுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் செல்கிறது. விளக்கைப் போடும்போது அதன் பின்னே உள்ள சக்கரங்களையும் பம்புகளையும் கொதிகலன்களையும் நாம் நினைப்பதில்லை. நினைக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ஆயினும் வாளிச்சக்கரத்தின் கீழும் கொதிகலனின் பக்கத்திலும் நிற்பவர் வேலை முடிந்து நலமாக வீடு திரும்புகிறாரா என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு. எவ்வளவு மின்சாரம் ஆக்கினோம் என்ற கணக்கை வெளியிடும்போதே, எத்தனை பழுதுகள் உரிய காலத்தில் சொல்லப்பட்டன, எத்தனை திருத்தப்பட்டன என்ற கணக்கையும் மக்கள் கேட்டுப் பெறுவாராயின், அது மாண்ட தொழிலாளர்க்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.